‘ஆமாங்க’ சொன்ன விரல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிவிடுவார், அது இன்னும் கேவலமாக இருக்கும். ஒரு கம்பியூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. வாசிக்காமலே ‘ஆம்’ என்று அமத்தினேன். இன்னொரு கேள்வி கேட்டது. அதற்கும் ஆம். இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். அவருக்கும் ஆம். இந்த மூன்று ஆமும் சேர்ந்து ஒரு பெண்ணையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஒரு பட்டியலிலிருந்து துடைத்துப் போட்டிருக்கும். இத்தனைக்கும் என் கடைக்கு வெளியே தொங்குகிற பலகையில் ‘கம்பியூட்டர் திருத்தப்படும்’ என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த ஆம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி மேற்பார்வைக்காரக் கண்டாக்கு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். கண்டாக்கு எதையாவது கேட்பார். அதில் பாதி இங்கிலீசு, பாதி சிங்களம், மீதியெல்லாம் கோபம். கேள்வி முடிவதற்குள்ளேயே வரிசையிலிருந்து ‘ஆமாங்க’ வந்துவிடும். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அவருடைய அப்பா இன்னும் வேகமாகச் சொல்லியிருப்பார். நான் தோட்டத்தை விட்டு வந்து, சுழலும் நாற்காலி வாங்கி, கண்ணாடியும் மாட்டிக்கொண்டேன். ஆனாலும் திரையில் ஒரு பெட்டி எழும்பி இங்கிலீசில் எதையாவது கேட்டால், என் ஆள்காட்டி விரல் தானாகவே போய்ப் பெரட்டில் நின்றுவிடுகிறது.

கடை கினிகத்தேனைப் பக்கம், ஹட்டன் பாதையோரத்தில். கீழே நானாவின் ஹார்ட்வெயார், மேலே என் ஒற்றை அறை. நானா முஸ்லிம் வியாபாரி, கட்டடமும் அவருடையதுதான். போட்டோ பிரிண்ட், தட்டச்சு, போனுக்குப் பாட்டு ஏற்றுவது, உடைந்த கம்பியூட்டரை மேலும் உடைப்பது ஆகியவை என் தொழில். கரண்ட் போனாலும் கம்பியூட்டர் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்க ஒரு யூபிஎஸ் வாங்கினேன். அதன் பற்றரி செத்துப்போய் வெகுநாளாகிறது. இப்போது காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். அந்த வேலையை ஒரு குறையுமில்லாமல் செய்கிறது.

இனி மாமியார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், அவருடைய டிவிசனில், அதாவது தோட்டப் பிரிவில், உள்ள பெண்களுக்கெல்லாம் தலைவி. மருமகனை மரியாதை குறைத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர் என்பதால், அவருடைய ஏச்சு முழுவதும் ‘ங்க’ போட்டுத்தான் வரும். “என்னங்க மாப்புள, மூளைய எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?” என்று கேட்பார். கோபப்பட முடியுமா? மரியாதை அல்லவா கொடுத்திருக்கிறார்.

அந்த வருட மழைக்கு அவர்களுடைய லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டது. பெரிய வெடிப்பில்லை. மம்பட்டியைத் தலைகீழாக இறக்கினால் பிடி முழுவதும் உள்ளே போகும், அவ்வளவுதான். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மூன்று நாளில் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், பிறகு லயத்துக்குக் குறுக்கே நாடா கட்டிவிடுவோம், யாரும் உள்ளே போகமுடியாது என்றார்கள். வேறிடத்தில் வீடு கொடுக்கப் பட்டியல் எடுக்கப்போகிறார்கள். பட்டியலில் ஏற வேண்டுமானால், எந்தக் குடும்பம் எந்த இடத்தில் உண்மையாகவே குடியிருந்தது என்று காட்ட, வாசலில் நிற்கும் படம் ஒன்று வேண்டும்.

படம் ஏன் என்றால், தோட்டத்து ஆபிஸ் புத்தகத்தில் ஒரு காம்பராவுக்கு, அதாவது ஓர் அறைக்கு, ஒரு பெயர்தான். அந்தப் பெயர்களில் சில செத்துப்போய் வருடங்களாகின்றன. புத்தகத்தைப் பார்த்தால் காம்பராவுக்கு ஒரு குடும்பம். நேரில் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு குடும்பம், சமையல் குசினியில் ஒரு குடும்பம், முன்னாலிருக்கிற இஸ்தோப்பை, அதாவது சின்ன வராந்தாவை, தகரம் அடித்து மறைத்து இன்னொரு குடும்பம். இரண்டாவது லயத்தின் கடைசி இஸ்தோப்பில் மாமியாரோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் இருந்தார். புருஷன் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். புத்தகத்தில் அவர் எங்குமே இல்லை. அவருக்கு அந்தப் படம் ஒன்றுதான் ஆதாரம்.

மாமியார் தன் இளைய மகளின் போனை வாங்கி, மூன்று நாளும் லயம் லயமாக ஏறி இறங்கி, அறுபத்தொரு குடும்பத்தையும் வாசலில் நிறுத்திப் படமெடுத்தார். லயத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு படத்துக்கும் காம்பரா நம்பர் என்று மச்சினி ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். பிறகு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், நாடா கட்டியாயிற்று. போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வியாழக்கிழமை அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், அதற்குள் பிரிண்ட் வேண்டும். அன்று செவ்வாய்.

“பத்தரமுங்க மாப்புள. வேற எங்கயும் இல்ல.”

“என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல மாமி, இனி பயமே வேணாம்” என்றேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அவர் சாமான் வாங்கப் போனார். படங்கள் சில சரிந்து கிடந்தன. முதலில் எல்லாவற்றையும் என் கம்பியூட்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வதுதான் முறை. இந்த முறையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுப்பவன் அதையெல்லாம் செய்யவேண்டியதில்லை என்ற நினைப்பில், கார்டில் வைத்தே ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தேன். பதினைந்தாவதோ பதினாறாவதோ படத்தில் வெளியே ஒரு இடி. கரண்ட் போனது. யூபிஎஸ் அசையாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. கம்பியூட்டர் எழும்பியது, ஒரு பெட்டியைக் காட்டியது. கார்டில் ஏதோ கோளாறு, சரிசெய்யட்டுமா என்பது அதன் சாராம்சம். சாராம்சத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது விரல் ‘ஆமாங்க’ சொல்லிவிட்டிருந்தது.

இரண்டு நிமிடத்தில் ‘வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது’ என்று வந்தது. திறந்து பார்த்தேன். ஃபோல்டர்கள் எதுவுமில்லை. முன்பு இல்லாத ஒரு ஃபோல்டரில் வெறும் இலக்கம் போட்ட நாற்பது துண்டுகள் கிடந்தன. எது யாருடையது என்று தெரியாது. இருபத்தொரு படத்தை அடியோடு காணோம். இதற்குத்தான் வெற்றி என்று பெயர். எந்தப் படம் கார்டில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கலைந்துபோயிருந்தது, அதனால் அட்டவணையில் பொருந்தாதவற்றையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, மீதியிருப்பது ஒழுங்காக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தது. எங்கள் ஆபிஸ் புத்தகத்தை எழுதியவரின் பேரன்தான் இந்த மென்பொருளையும் எழுதியிருக்க வேண்டும்.

அழிந்ததைத் தேடி எடுக்கிற மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது, ஓடவிட்டேன். அது காணாமல் போன இருபத்தொன்றையும் மோப்பம் பிடித்துவிட்டது. எங்கே எழுதி வைக்கட்டும் என்று ஒரு பெட்டியில் கேட்டது. பெட்டிக்குள் ஓர் இடத்தின் பெயர் ஏற்கெனவே போட்டிருந்தது. எந்த இடம் என்று பார்க்கவேண்டியதுதானே? விரல் இரண்டாவது தடவையாக மரியாதை செய்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார், தண்ணீர் சொட்டும் குடையோடு படியேறி வந்தார்.

“முடிஞ்சிருச்சுங்களா மாப்புள?”

“முடிஞ்ச மாதிரிதான் மாமி.”

“மாதிரின்னா?”

நடந்ததைச் சொன்னேன். இடியைப் பற்றி விரிவாகவும் என் விரலைப் பற்றிச் சுருக்கமாகவும் சொன்னேன். அவர் திரையில் பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்தார்.

“இப்ப இது என்ன செய்யுது?”

“காணாமப் போனத தேடி எடுத்து எழுதுது மாமி.”

“எங்க எழுதுது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். “கார்டுல.”

“காணாமப் போனது எங்க கெடக்கு?”

“அதே கார்டுல.”

“அப்ப கெடக்குறது மேலயே எழுதுதா?”

கம்பியூட்டர் படித்து வாங்கிய என் சான்றிதழ் சுவரில் கண்ணாடிக்குள் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

“நிறுத்திட்டு, வேற ஏதாவது செஞ்சு பாக்குறேன் மாமி” என்று மௌஸைப் பிடித்தேன்.

“கைய எடுங்க மாப்புள.”

எடுத்தேன். கார்டையும் கழற்றச் சொன்னார், கழற்றினேன். பிறகு ஈரக் குடையைச் சுருட்டி யூபிஎஸ் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மலையில கொழுந்து நிறுக்கயில தராசு பிசகுதுன்னு ஒருத்திக்குத் தோணுச்சுன்னா நாங்க என்ன செய்வோம், தெரியுங்களா?”

“சண்ட போடுவீங்க.”

“சண்டையெல்லாம் பொறவு. மொதல்ல சாக்க எறக்கி வச்சிட்டு ஒக்காந்துருவோம். ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம், நிறுத்த சாக்க அவுக்க மாட்டோம், லொறில ஏத்தவும் விட மாட்டோம். எல்லாம் எங்க இருக்கோ அங்கயே இருக்கணும். கைய வச்சா, எது பிசகுன கொழுந்து எது நல்ல கொழுந்துன்னு பொறவு யாருக்குங்க தெரியும்?”

ஒரே தோட்டத்தில் காலையில் பெரட்டில் ‘ஆமாங்க’, பத்து மணிக்கு மலையில் சாக்கை இறக்கி வைத்தல். இரண்டையும் பார்த்து வளர்ந்தவன், இதில் எதைப் பொறுக்கிக்கொண்டு டவுனுக்கு வந்திருக்கிறேன் பாருங்கள்.

அப்போதுதான் நானாவின் பழைய லெப்டொப் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் ஓடாத அளவுக்குக் கிழடு என்பதால் அதில் ஒரு இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் அதன் டிஸ்க்கில் ஏதோ பழுது. அது உடனே எழுதுவதை நிறுத்திவிட்டது. வாசிக்கலாம், பார்க்கலாம், வெளியே பிரதி எடுக்கலாம். ஒரு எழுத்துக்கூடப் புதிதாக எழுத விடவில்லை. நான் அதை ஒரு காலை முழுவதும் ஏசினேன். சோம்பேறி, பிடிவாதம் பிடித்தது, வேலைக்கு வந்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது என்றெல்லாம். கடைசியில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, புது டிஸ்க் போட்டேன். நானாவின் ஒரு கோப்புகூடக் கெடவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை.

கீழே போய், நடந்ததைச் சொல்லி லெப்டொப்பைக் கேட்டேன். நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது நீங்க சோம்பேறின்னு ஏசின மெஷின்தானே?”

“அதேதான் நானா.”

“மாமிட படங்கள அழிச்சது எது?”

“சுறுசுறுப்பான மெஷின் நானா.”

“மெஷினா, தம்பியா?” என்று கேட்டுவிட்டு, மாமியாருக்கு ஒரு பிளேன்டீயும் சொல்லி அனுப்பினார். எனக்குச் சொல்லவில்லை.

இந்தத் தடவை கார்டில் கைவைக்காமல், வாசிக்க மட்டும் திறந்து, கார்டு முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்தேன். தேடுவதையெல்லாம் அந்தப் பிரதியில் வைத்துக்கொண்டேன். நான் ஒவ்வொரு தடவையும் விசையை அமத்தப்போகும்போது மாமியார், “என்ன கேட்டுச்சு? மொதல்ல வாசிங்க” என்றார். வாசித்தேன், தமிழில் சொன்னேன், அவர் தலையாட்டிய பிறகு அமத்தினேன். ஓர் இயங்குதளம் என்ன கேட்கிறது என்று நான் முழுதாக வாசித்தது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேள்விகள் அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. மாமியார் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இது மொத லயம், நாலாங் காம்பரா.”

“எப்படி மாமி? இந்த அக்காவும் முந்தின படத்து அக்காவும் ஒரே மாதிரி இருக்காங்களே.”

“மூஞ்சியப் பாக்காதீங்க, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, சொந்தக்கார மூஞ்சி. கதவப் பாருங்க. அந்தக் கதவுக்குத்தான் மேல் கீல் இல்ல, கம்பி போட்டுக் கட்டியிருக்கு.”

விறகு அடுக்கியிருந்த விதம், மாதா படம் ஒட்டிய நிலை, பல் தேய்க்கிற இடத்தில் சுவரில் விழுந்த வெள்ளைக் கறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் பெயர் போட்டேன். என் கம்பியூட்டர் இரண்டு நிமிடத்தில் தொலைத்த அட்டவணை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. அறுபது படமும் முழுதாக வந்துவிட்டன.

அறுபத்தோராவது பாதிதான் வந்தது. என் இரண்டாவது ஆம் சரியாக அதன் மேல் விழுந்திருந்தது. மேல்பாதியில் நீலப் பெயின்ட் அடித்த தகரம், ஒரு நிலை, அதற்குக் கீழே மூன்று நெற்றிகள். புருவத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

அது இரண்டாவது லயத்துக் கடைசி இஸ்தோப்பு என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“நெத்திக்கு வீடு குடுப்பாங்களா மாப்புள?”

அந்தப் பாதியையும் மற்ற அறுபதோடு சேர்த்துப் பிரிண்ட் எடுத்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். நல்ல மனிதர். தமிழ் கொஞ்சம்தான் வரும் என்பதால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் படம் ஒட்டியிருந்தது. அவர் பார்த்து முடித்ததும், எல்லோரும் ஒரே பட்டியலில் கையெழுத்து வைக்கவேண்டும். பாதிப் படத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“மே கவுத?” இது யார் என்றார்.

அந்தப் பெண் பிள்ளைகளோடு முன்னால் வந்து நின்றார். அதிகாரி நெற்றிகளைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார். படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிகிறது, ஆனால் அங்கேதான் குடியிருந்தீர்கள் என்பதற்கு இது போதாதே என்று சிங்களத்தில் வருத்தமாகவே சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, இதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற அறுபதையும் இன்றைக்கே முடிப்போம், இதைப் பிறகு பார்க்கலாம், “ஹரித?” என்றார். சரிதானே என்று கேட்கிறார்.

“ஹரி மாத்தயா” என்றேன், சரி ஐயா என்று.

அது மூன்றாவது ஆம்.

“யாரக் கேட்டுங்க ஹரி சொன்னீங்க?” மாமியாருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகவே புரியும். அவர் மேசைக்கு முன்னால் வந்து சிங்களத்திலேயே சொன்னார். “மாத்தயா, இருந்தது அறுபத்தொண்ணு. அறுபதோட முடிஞ்சிருச்சுன்னு எழுதுனா அது முடிஞ்சதில்ல. நாங்க யாரும் கையெழுத்து வைக்க மாட்டோம்.”

சொல்லிவிட்டுக் குடையைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னாலிருந்த பெண்களும் ஒருவர்பின் ஒருவராகக் குடையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆண்களில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டு, “ஒரு ஆளுக்காக எல்லாத்துக்கும் வீடு இல்லாமப் போகணுமா?” என்றார். அவருடைய மனைவி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்து, “ஒக்காருய்யா பேசாம” என்றதும் அவரும் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. “அக்கா, எனக்காக வேணாக்கா. நீங்க எல்லாம் வச்சிருங்க.”

“நீ மொதல்ல ஒக்காரு. புள்ளைங்களையும் ஒக்கார வையி.”

கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. மண்டபத்தில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. படிவங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதத்தான் முடியாது. கோப்புகள் கலைந்துபோனால் இயங்குதளம் செய்யவேண்டியது இதுதான் என்று நான் அங்கே நின்றுகொண்டு நினைத்தேன். எழுதுவதை நிறுத்து. இருக்கிறதைத் தொடாதே. என்ன குறைகிறது என்று ஆளைக் கூப்பிட்டு அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல். தெரியாததை வெட்டிவிட்டு வெற்றி என்று மட்டும் சொல்லாதே. இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லாததால் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி பேனாவின் மூடியைப் போட்டார். உட்கார்ந்திருந்த அறுபத்தொரு குடும்பத்தையும் பார்த்தார். பிறகு பாதிப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றார்.

சேற்றுப் பாதையில் இறங்கினோம், அவருடைய நல்ல சப்பாத்தும் சேர்ந்துதான். நாடாவுக்கு இப்பால் நின்றே இரண்டாவது லயத்துக் கடைசி இஸ்தோப்பு தெரிந்தது. அவர் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். நீலத் தகரத்தில், நிலைக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் இல்லாமல் வெறும் தகரம் தெரிந்தது. படத்திலும் அதே இடத்தில் அதே வெறும் தகரம்.

“அங்கே ஏன் பெயின்ட் இல்லை?” என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

“முடிஞ்சிருச்சுங்க மாத்தயா” என்றார் அந்தப் பெண்.

அதிகாரி சிரித்துவிட்டார். நாடாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, படத்தின் பின்புறம் தான் நேரில் பார்த்ததாக எழுதிக் கையெழுத்து வைத்தார். மேலே வந்ததும் பட்டியலில் அறுபத்தோராவது வரி ஏறியது. அதன் பிறகுதான் பெண்கள் எழும்பி, ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். வீடு வந்துவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். பட்டியல் இருக்கிறது, அதில் எல்லோரும் இருக்கிறார்கள். இன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அதிகாரி கிளம்புவதற்கு முன் மாமியார் அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்தார். கடைசிப் பக்கத்தை எடுத்ததும் போன் ‘டிங்’ என்றது. திரையில் இங்கிலீசில் ஒரு பெட்டி எழும்பி எதையோ கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை நிச்சயமாக வாசிக்கிற எண்ணத்தோடுதான், “குடுங்க மாமி, என்னன்னு நான் பாத்து...” என்று விரலை நீட்டினேன்.

“கைய எடுங்க மாப்புள.”